உள்ளங்கால் முடிச்சு

சாக்ஸ் பின்ன நூல் வாங்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, நூல் பந்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. கன்னத்துக்கு இதமாக இருப்பதெல்லாம் காலுக்கு ஒத்துவராது. கன்னம் ஷூவுக்குள் அடைந்து கிடப்பதில்லை, உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதும் இல்லை. மெத்தென்று இருக்கிற நூலில் பின்னினால் பத்தே நாளில் குதிகால் பல்லை இளித்துவிடும். எங்கள் தெருமுனை நூல்கடையில் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவர் வியாபாரத்தில் நான் மண்ணைப் போடுகிறேனாம்.

முறுக்கு இறுகியிருக்க வேண்டும். நகத்தால் நெருடிப் பார்த்தால் இழை பிரிந்து வரக்கூடாது. வெறும் கம்பளி சீக்கிரம் தேயும். வெறும் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு கிடக்கும், ஒரு தடவை தொளதொளத்தால் தொளதொளத்ததுதான். முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான், அதுதான் சரி. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். "மனுசங்களுக்கு ரெண்டு கால். உங்க நூலுக்கு மட்டும் முக்கால் ஒண்ணு, கால் ஒண்ணா?" என்பாள். அவளுக்கு வாய் அப்படி.

நூல் கதை இங்கே எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியின் கால் விவகாரத்தில் நீங்கள் எழுதிய போலீஸ் விசாரணை அறிக்கையின் நகல் போன வாரம் எனக்குத் தபாலில் வந்தது. நிதானமாக இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் பக்கத்தில், "கணவர் பின்னிய காலுறையில் கவனக்குறைவால் விடப்பட்ட ஒரு முடிச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில், "கணவரின் பார்வைக் குறைவால் புண் கவனிக்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் கீழே, குற்ற நோக்கம் இல்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள்.

வேறொருவராக இருந்தால் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு பிழை இருக்கிறது. அவற்றைத் திருத்தத்தான் நானாகக் கிளம்பி வந்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. டீ ஆறிவிடும் என்கிறீர்கள், ஆறட்டும்.

நான் முப்பத்தோரு வருடம் சாக்ஸ் ஆலையில் செக்கராக இருந்தவன். பின்னல் மெஷின்கள் ஓடுகிற கூடத்துக்கு அடுத்த அறை எங்களுடையது. நீளமான மேஜை, தலைக்கு மேல் ட்யூப்லைட், ஆளுக்கொரு மரக்கால். மரக்கால் என்றால் கணுக்காலோடு பாதம் வடிவத்தில் செதுக்கிய அச்சு. சாக்ஸை முதலில் உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, அதற்குள் கையை விட்டு விரல்களை விரித்துத் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு நேராக்கி மரக்காலில் மாட்டி வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நல்லதை வலது கூடையில் போட்டு "பாஸ்" என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்வார். மோசமானதை இடது கூடையில் போட வேண்டும். என் இடது கூடை எப்போதும் நிறைந்திருக்கும் என்பதால் ஆலையில் என் பெயரே ரிஜெக்ட். மேனேஜர்கூட, "ரிஜெக்ட்டக் கூப்பிடு" என்றுதான் ஆள் அனுப்புவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான்.

உள்பக்கம் ஒரு சின்ன நெருடல் இருந்தாலும் என் விரல் நின்றுவிடும். மின்சாரம் போன நாட்களிலும் நான் வேலையை நிறுத்தியதில்லை. இருட்டில் நான் பாஸ் போட்டதை வெளிச்சம் வந்த பிறகு மேனேஜர் மறுபடி சோதித்துப் பார்ப்பார். ஒன்றிலும் குறை கண்டுபிடித்ததில்லை. ஆகவே என் கையால் பின்னிய சாக்ஸில் எனக்குத் தெரியாமல் ஒரு முடிச்சு விழுந்தது என்று நீங்கள் எழுதினால், உங்களுக்கு என்னைப் பற்றி எதுவுமே தெரியாது என்றுதான் அர்த்தம்.

ஓய்வு பெற்ற பிறகு கையால் பின்னக் கற்றுக்கொண்டேன். ஆயிரமாயிரம் சாக்ஸைப் பிரித்துப் பார்த்தவனுக்குப் பின்னத் தெரியாமல் போகுமா. இரண்டு பக்கமும் கூரான ஐந்து ஊசிகள் வேண்டும். நாலில் கண்ணிகளைப் பங்கு போட்டுக்கொண்டு ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். என் மனைவி அளவுக்கு ஒரு சுற்றுக்கு அறுபத்து நாலு கண்ணி. ஆஸ்பத்திரியில் நான் இந்தச் சொல்லைச் சொன்னபோது நீங்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தீர்கள். ஊசியில் விழுகிற நூல் வளையத்துக்குத்தான் கண்ணி என்று பெயர். எலிக்கு வைக்கிற கண்ணி வேறு.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தெட்டு வருட வேலை. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் பிரேக் இருக்கும் அல்லவா, அதை அவள் மிதிக்கிற மிதியில் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். தெருவில் நடந்து போனால் ஏதாவதொரு கார் நின்று, ஒரு பெண் தலையை நீட்டி, "மேடம், இப்ப நல்லா ஓட்டறேன், பாருங்க" என்பாள். ஒவ்வொரு பெண்ணிடமும் ஐந்து நிமிடமாவது நின்று பேசிவிட்டுத்தான் வருவாள். நான் பையோடு ஓரமாக நிற்பேன்.

பதினொரு வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. சில வருடங்களில் பாதம் மரத்துப்போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றியவள், "அட, இது இங்கயா இருக்கு" என்றாள். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த பீரோ சாவி ஷூவுக்குள் கிடந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்றிருக்கிறாள், நடந்திருக்கிறாள், பிரேக் மிதித்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. சாவியின் பல் அப்படியே பாதத்தில் பதிந்திருந்தது. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் இருக்கிற பாத கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் கண்டிப்பான பெண். "வலி தெரியாது, அதனால கண்ணாலதான் பாக்கணும். தினமும் பாக்கணும். உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகால், எதையும் விடக்கூடாது. வெள்ளை சாக்ஸ்தான் போடணும், புண்ணு வந்தா கறை காட்டிக்கொடுக்கும். உள்ள தையல், முடிச்சு எதுவும் இருக்கக்கூடாது" என்றாள். என் மனைவி, "குனிஞ்சா எனக்கு முதுகு பிடிச்சுக்குமே" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு காலை என் மடியில் வைப்பாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஆலையிலிருந்து நான் கொண்டுவந்த பூதக்கண்ணாடி. பத்து விரல்களின் இடுக்குகளையும் பார்ப்பேன். பார்த்து முடித்ததும், "பாஸா, ரிஜெக்டா?" என்று கேட்பாள். "பாஸ்" என்பேன். அவளுக்கு வெள்ளை நூலில்தான் பின்னினேன். நூல் தீர்ந்து புது நூல் சேர்க்க வேண்டி வந்தால் முடிச்சுப் போட மாட்டேன். பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்துப் பிடித்து ஆறு கண்ணி இரட்டை நூலாகப் பின்னிவிடுவேன், அதுவும் கணுக்காலுக்கு மேலேதான். ஐந்து வருடம் அவள் காலில் ஒரு கீறல் கிடையாது. கிளினிக்கில் அந்த நர்ஸ் மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்களுக்கு என்னைக் காட்டி, "இவரப் பாத்துக் கத்துக்கோங்க" என்பாள். இதையும் உங்கள் அறிக்கையில் நீங்கள் சேர்க்கவில்லை.

பிறகு என் மைத்துனி, அதாவது மனைவியின் தங்கை, தன் ஊரில் டிரைவிங் ஸ்கூல் தொடங்குவதாகச் சொன்னாள். ரயிலில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊர். பெண்கள் பிரிவை அக்காதான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முதலில் மூன்று மாதம் என்றார்கள். பிறகு அது இரண்டு வருடமானது. என் மனைவி கண்கள் மின்ன அதைச் சொன்னாள். அவள் பெயரையே ஸ்கூலுக்கு வைக்கப் போகிறார்களாம்.

"உனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல, நீ எப்படி வண்டில உக்காருவ?" என்றேன்.

"டாக்டரே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு என்ன?"

"உன் காலை யாரு பாப்பா?"

"தங்கச்சி பாப்பா. ஒரு டார்ச்சும் கண்ணும் இருந்தா போதாதா? இல்ல, நீங்களும் கூட வாங்களேன்."

மைத்துனி வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை. அதைச் சொன்னேன். சரி, மாதம் ஒரு தடவை வந்து போகிறேன் என்றாள், ஏதோ பால்காரருக்கு நாள் குறிப்பது போல. எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. காலையில் எழுந்து அந்த வீட்டில் யாருக்காக நூல் சுற்றுவது, சாயங்காலம் யாருக்காக டார்ச்சை எடுப்பது? அவளிடம் அதைக் காட்டவில்லை. ஒரு டார்ச்சும் கண்ணும் போதும் என்று அவள் சொன்னது மட்டும் என் காதிலேயே நின்றது. ஐந்து வருடம் நான் பார்த்ததை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம் என்று அவள் நினைக்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. கையை ஓங்குகிற புருஷன்களைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கோப்பு வைத்திருப்பீர்கள். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. நூல்கடைக்குப் போனேன்.

இந்தத் தடவை அரக்கு நிறத்தில் வாங்கினேன், கறுப்போடு சேர்ந்த அடர்சிவப்பு. கடைக்காரர், "எப்பவும் வெள்ளைதானே எடுப்பீங்க?" என்றார். மாற்றம் வேண்டாமா என்றேன். முறுக்கும் வழக்கத்தைவிட இறுக்கமானதாகப் பார்த்து எடுத்தேன். முறுக்கு இறுகின நூலில் போட்ட முடிச்சு துவைக்கத் துவைக்க இளகாது, இன்னும் கெட்டிப்படும். என்னைக் கவனமில்லாதவன் என்று எழுதினீர்களே, அந்த நூலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

ஊசியை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவளோடு காரில் போனேன். உன் வேலையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வந்த பெண்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர், இன்னைக்கு என்னை செக் பண்ண வந்திருக்காரு" என்றாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாடத்துக்கு வந்த ஒருத்திக்காக மட்டும் நாற்பத்தொரு தடவை பிரேக் மிதித்தாள். ஒவ்வொரு தடவையும் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டால்தான் மிதித்தாள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த இடம்தான்.

மூன்று ஜோடி பின்னினேன். ஐந்து வாரம் ஆனது. மூன்றிலும் வலது காலில், நுனியிலிருந்து பதினேழாவது சுற்றில், உள்பக்கமாக ஒரு முடிச்சு. தட்டையான முடிச்சு இல்லை, நூலை மூன்று தடவை சுற்றி இழுத்த உருண்டை முடிச்சு. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் உங்களிடம் கொடுத்தது ஒரே ஒரு சாக்ஸ். மற்ற இரண்டையும் இதோ மேஜைமேல் வைத்திருக்கிறேன், கையை விட்டுப் பாருங்கள். ஆலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே குறை ஒரே இடத்தில் மூன்று சாக்ஸில் வந்தால் அதைக் குறை என்று எழுத மாட்டோம். மெஷினில் அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று எழுதி ஃபிட்டரைக் கூப்பிடுவோம். உங்கள் அறிக்கையின் முதல் பிழை இது.

புது சாக்ஸைப் பார்த்து அவள், "என்னங்க, வெள்ளை இல்லையா?" என்றாள். வெள்ளையில் ஷூ அழுக்குப் படிகிறது, ஊருக்குப் போகிறவளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்றேன். தான் ஊருக்குப் போவதற்கு நான் சம்மதித்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு சின்னக் கொப்புளம் வரும். ரயில் ஏறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் அதைக் கண்டுபிடிப்பேன். டாக்டர் இரண்டு வாரம் ஷூ போடக் கூடாது என்பார். திறப்பு நாள் அவளுக்காக நிற்காது, மைத்துனி வேறு ஆளைப் போட்டுக்கொள்வாள். கொப்புளத்தை நானே மருந்து போட்டு ஆற்றிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. காலில் உணர்ச்சி இல்லாத ஒருத்தி, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவர்களோடு ரோட்டில் போவதை ஒருவன் தடுத்தால் அது குற்றமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ரயிலுக்கு எட்டு நாள் இருக்கும்போது முதல் சிவப்பு தெரிந்தது. குண்டூசித் தலை அளவு. டார்ச்சை நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். "பாஸா, ரிஜெக்டா?" என்றாள். பாஸ் என்றேன். நாலாம் நாள் அது கொப்புளமாகி உடைந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது. துவைக்கிற வேலை எப்போதும் என்னுடையதுதான். அரக்கு நிறத்தில் கறை தெரியவில்லை, தண்ணீரில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் மைத்துனி போன் செய்தாள். புது கார்களுக்கு அதிகாரிகளின் அனுமதி வரவில்லை, திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கிறது, அக்கா டிக்கெட்டை மாற்றிக்கொள்ளட்டும் என்றாள். என் மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டே காலை என் மடியில் வைத்தாள். நான் டார்ச்சைப் போட்டேன். மறுநாள் கண்டுபிடிப்பதாக இருந்த புண் எதிரே இருந்தது. இப்போது கண்டுபிடித்தால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அவள் சுகமாக ரயில் ஏறிவிடுவாள். நான் செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

பாஸ் என்றேன்.

நான் எழுத எழுதப் படித்துக்கொண்டு வந்த நீங்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. மைத்துனியின் கார்களுக்கு நேரத்தில் அனுமதி கிடைத்திருந்தால் ஒரு கொப்புளத்தோடு போயிருக்கும். அதைத் தள்ளிப்போட்டவர்கள் யாரும் விசாரணைக்கு வரவில்லை. நான் மட்டும்தான் வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் புண் கோட்டுப் பொத்தான் அளவுக்கு வந்து, நடுவில் வெளுத்துக் குழி விழுந்திருந்தது. பதினாலாம் நாளிலிருந்து வாடை வந்தது. ஷூவுக்குள் வாசனைப் பவுடர் போட்டேன். "என்னங்க, மாப்பிள்ளை ஷூ மாதிரி மணக்குது" என்று சிரித்தாள். பதினாறாம் நாள் பாதத்தின் மேல்பக்கம் வீங்கியிருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாய், நீர் கோத்திருக்கும் என்றேன். அவள் நம்பினாள். என் சொல்லை எப்போதும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாள்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் டார்ச்சோடு, பூதக்கண்ணாடியோடு, விரல் இடுக்குகள் உட்பட முழுதாகப் பார்த்தேன். பத்தொன்பது நாள் பார்த்தேன், பத்தொன்பது நாளும் பாஸ் போட்டேன்.

இருபதாம் நாள் காலை பாடம் நடக்கும்போது அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டிப்போயிருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்தவள் மூன்றாவது பாடத்துக்கு வந்த பெண். இன்னும் வலது பக்கம் திரும்பக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வழியெல்லாம் என் மனைவி அரைமயக்கத்தில், "பயப்படாத, கிளட்ச்ச மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

அங்கே கிளினிக் நர்ஸ்தான் சாக்ஸைக் கழற்றினாள். ஒட்டிக்கொண்டிருந்ததால் தண்ணீர் ஊற்றிக் கழற்ற வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அதைப் புரட்டி வைத்துக்கொண்டு, முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அதை ஒரு கவரில் போட்டு எடுத்துவைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. என்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நீங்கள் அவள் சொன்னதை எடுத்துக்கொள்ளாமல், மற்றவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நீங்கள் வார்டுக்கு வந்த நாள் நினைவிருக்கும். மைத்துனி என் சட்டையைப் பிடிக்காத குறை. "அத்தான், தினமும் பாத்தீங்கல்ல? இவ்ளோ பெரிய புண்ணு உங்க கண்ணுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கத்தினாள். அப்போது என் மனைவி கட்டிலிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. சொன்னா ஒத்துக்க மாட்டாரு. முடிச்சும் அப்படித்தான் விழுந்திருக்கும். விட்டுடு." நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். நாலு பேருக்கு முன்னால் மனைவியை மறுத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் சும்மா இருந்தேன். ஆனால் அவமானம் எனக்குக் காதுவரை சுட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மைத்துனி காரோடு வந்துவிட்டாள். அங்கே ஸ்கூலில் ஒரு காரில் பிரேக்கைக் கையால் பிடிக்கிற மாதிரி மாற்றிவைத்திருக்கிறார்களாம். என் மனைவி ஊன்றுகோலோடு வாசல்வரை போய், திரும்பி நின்றாள்.

"நீங்க என்ன பாத்தீங்க, என்ன பாக்கலன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்" என்றாள். "இருக்கறது ஒரு கால். அதப் பாக்க நல்ல கண்ணா வேணும்."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் இடது காலுக்கு ஒரே ஒரு சாக்ஸ் பின்னியிருந்தேன். வெள்ளை நூல், உள்ளே ஒரு நெருடல் கிடையாது. அதை நீட்டினேன். அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். உள்பக்கத்தைப் புரட்டினாள். கையை விட்டு, விரல்களை விரித்து, மேல்விளிம்பிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பெருவிரல் மேட்டில் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினாள். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள் போல, முறை சரியாக இருந்தது. பிறகு அதை ஷூ அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள். அளவு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததோ என்னவோ.

அவள் போய் இரண்டு மாதமாகிறது. போன் செய்தால் மைத்துனிதான் எடுக்கிறாள். ஸ்கூலுக்கு இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்களாம். நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அவள் என்மேல் கோபமாகப் போகவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நல்ல கண் வேண்டும் என்றுதான் சொன்னாள். என் கண் போய்விட்டது, கையும் தளர்ந்துவிட்டது, இனி இந்த மனுஷனை நம்பிக் காலைக் கொடுக்க முடியாது என்று நினைத்துத்தான் போயிருக்கிறாள். அதற்கு மேல் உங்கள் அறிக்கையும் அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

ஆகவே முந்தாநாள் கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணால் கடைசி வரியை முழுதாகப் படித்தேன். இடது கண்ணால் ஓர் எழுத்துத்தான் தவறியது. இந்த வயதில் இப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லையாம். சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன், அது உங்கள் இரண்டாவது பிழைக்கு. கவனக்குறைவு என்ற சொல்லையும் பார்வைக் குறைவு என்ற சொல்லையும் அடித்துவிடுங்கள். முடிச்சை நான்தான் போட்டேன். புண்ணை முதல் நாளிலிருந்தே நான் பார்த்தேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் நகல் ஒன்றை என் மனைவிக்கு அனுப்பிவையுங்கள், மைத்துனியின் விலாசம் உங்களிடம் இருக்கிறது. பத்தொன்பது நாளும் அவள் காலை நான் எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்று தெரிந்தால், அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள்.